செயலின் இலக்கணமும் செயற்கை நுண்ணறிவுக் காட்சிகளும்

முன்னுரை

ஓடுகின்ற குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞரும் ஓவியரும் வாதிட்டு வந்த ஒரு வினாவாகும். 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக் கலைஞர், ஓடுபாதையின் ஓரத்தில் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்திக் குதிரையின் ஓட்டத்தைப் படம்பிடித்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மையே என்பது அப்படங்களால் புலனாயிற்று. ஆனால், ஓவியர்கள் தீட்டி வந்ததுபோல முன்கால்கள் முன்னோக்கியும் பின்கால்கள் பின்னோக்கியும் நீண்டிருக்கும் நிலையில் அது நிகழவில்லை. கால்கள் வயிற்றின்கீழ் மடங்கி ஒன்றுசேரும் நிலையிலேயே நிகழ்ந்தது. கண்ணுக்கு மெய்போல் தோன்றுவது வேறு, மெய்யாக நிகழ்வது வேறு என்னும் பாடத்தை அப்படங்கள் உலகிற்கு உணர்த்தின.

அப்பாடம் இன்று மீண்டும் தேவைப்படுகிறது. நான்கு வரிகளை எழுதிக் கொடுத்தால், அவ்வரிகளுக்கேற்ற அசையும் காட்சியைச் சில நிமிடங்களில் படைத்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நம் மாணவர்களின் கைப்பேசிகளுக்கே வந்துவிட்டன. துரத்தலும் தாவலும் மோதலும் நிறைந்த காட்சிகளை உருவாக்குவதில் இளைஞர்களுக்குள்ள ஆர்வம் பெரிது. எனினும் அவர்கள் உருவாக்கும் காட்சிகளுள் பல, அழகாக இருந்தும் நம்பும்படியாக இருப்பதில்லை. அதற்குக் காரணம் யாது? அதனைச் சீர்செய்யும் வழி யாது? மெய்போன்ற காட்சியைப் படைக்கும் ஆற்றல் கைவரப்பெற்றவன் ஏற்க வேண்டிய பொறுப்பு யாது? இம்மூன்று வினாக்களுக்கும் தமிழ் இலக்கணம் கற்ற மாணவர் ஒருவர் தம் பாடப் பகுதியிலிருந்தே விடை காண முடியும் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவி கற்றதும் கல்லாததும்

இக்கருவிகள் இயங்கும் முறையை முதலில் சுருக்கமாக அறிதல் நலம். எண்ணிறந்த படங்களும் அசையும் காட்சிகளும் அவற்றைப் பற்றிய சொற்குறிப்புகளுடன் கணினிக்குப் பயிற்சியாகத் தரப்படுகின்றன. தெளிந்த படத்தின்மீது சிறிது சிறிதாகப் புள்ளிக் குழப்பத்தைத் தூவி, அக்குழப்பத்தை நீக்கிப் பழைய படத்தை மீட்கக் கணினி பழக்கப்படுகிறது. இப்பயிற்சி முதிர்ந்தபின், வெறும் புள்ளிக் குழப்பத்தையே கொடுத்து, 'மழையில் ஓடும் மனிதன்' என்று குறிப்பெழுதினால், அக்குறிப்பிற்கேற்ற தோற்றத்தை அக்குழப்பத்தினின்று கணினி வடித்தெடுக்கிறது. அசையும் காட்சியாயின், ஒரு படச்சட்டத்திற்கும் அடுத்த படச்சட்டத்திற்கும் பொருத்தம் அமையுமாறு அனைத்தையும் சேர்த்தே வடிக்கிறது.

இதனால் பெறப்படுவது யாது? கருவி கற்றது தோற்றங்களின் தொடர்ச்சியை. புவியீர்ப்பு, எடை, மோதல், உராய்வு ஆகியவற்றின் விதிகளை எவரும் அதற்கு எழுதிக் கொடுக்கவில்லை. விழும் பொருள் எவ்வாறு தோன்றும் என்பதை அது பலமுறை கண்டிருக்கிறது. பொருள் ஏன் விழுகிறது என்பதை அது பாடமாகக் கற்றதில்லை.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓப்பன் ஏஐ நிறுவனம் சோரா என்னும் தன் காட்சி மாதிரியை அறிமுகப்படுத்தியபோது, இக்குறையைத் தானே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒருவர் பிஸ்கட்டைக் கடித்த பின்னரும் பிஸ்கட்டில் கடித்த தடம் இல்லாமற் போகக்கூடும் என்றும், கண்ணாடி உடைதல் போன்ற நிகழ்வுகளை அம்மாதிரி சரிவரக் காட்டுவதில்லை என்றும் அந்நிறுவனம் எழுதியது. கடித்தல் என்னும் வினை நிகழ்ந்தது. அதன் பயன் நிகழவில்லை. செயற்கை நுண்ணறிவுச் சண்டைக் காட்சிகளின் குறைகள் அனைத்திற்கும் இப்பிஸ்கட்டே சான்றாக நிற்கிறது எனலாம்.

அதன்பின் கருவிகள் விரைந்து வளர்ந்தன. அதே 2024இல் சீனத்தின் குவாய்ஷோ நிறுவனம் க்ளிங் என்னும் கருவியை வெளியிட்டது. 2025ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் வியோ 3, காட்சியுடன் ஒலியையும் சேர்த்துப் படைக்கத் தொடங்கியது. ஒரே கதைமாந்தரைப் பல காட்சிகளில் முகம் மாறாமல் காட்டும் திறனை ரன்வே நிறுவனத்தின் நான்காம் தலைமுறை மாதிரி அதே ஆண்டில் முன்வைத்தது. பிழைகள் குறைந்து வருகின்றன. ஆயினும், காரணத்தையும் விளைவையும் இணைத்துக் காட்டும் பணி இன்றளவும் கருவியை இயக்கும் மனிதனின் தோளிலேயே இருக்கிறது.

தொழில் முதல்நிலை எட்டு

ஒரு செயல் நிகழ வேண்டுமாயின் அதற்கு எவையெவை வேண்டும் என்று தொல்காப்பியர் எண்ணிப் பார்த்திருக்கிறார். சொல்லதிகார வேற்றுமை மயங்கியலில் தொழிலின் முதல்நிலைகள் எட்டு என அவர் வகுத்துரைக்கிறார். வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இதுபயன் என்பன அவ்வெட்டும் ஆகும். குயவன் குடம் வனைதலை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். வனைதல் வினை, குயவன் செய்பவன், குடம் செயப்படுபொருள், வனையும் இடம் நிலம், வனையும் பொழுது காலம், சக்கரம் முதலியன கருவி, குடத்தைக் கொள்பவன் இன்னதற்கு, அதனால் விளையும் நன்மை இதுபயன்.

பிற்காலத்து நன்னூலார் வினைச்சொல்லின் இலக்கணம் கூறுமிடத்துச் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறினைக் கூறினார். அவ்வாறும் கேமராவின் முன் வைத்துக் காட்டத்தக்கவை. தொல்காப்பியம் கூறும் மற்றை இரண்டும், அதாவது யாருக்காக என்பதும் என்ன பயனுக்காக என்பதும், கருத்தால் உணரத்தக்கவை. செயற்கை நுண்ணறிவுக் கருவி இடறுவது பெரும்பாலும் இவ்விரண்டிலேயாகும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இனி, இவ்வெட்டினையும் ஒரு காட்சியின்மேல் பொருத்திக் காண்போம்.

எடுத்துக்காட்டிற்கு ஓர் எளிய கதைச்சூழலைக் கொள்வோம். மழை பெய்து ஓய்ந்த இரவு. தானியக் கிடங்கு ஒன்றின் மேல்தளத்தில், மோசடியை வெளிப்படுத்தும் கணக்கேட்டுடன் ஓர் இளைஞன் ஓடுகிறான். முரடன் ஒருவன் அவனைத் துரத்துகிறான். இளைஞன் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து கீழே அடுக்கியுள்ள உமி மூட்டைகளின்மேல் குதித்து, எழுந்து, வெளியே ஈர முற்றத்தில் ஓடுகிறான். இவ்வளவே காட்சி.

வினையும் செய்பவனும்

'இருவர் கடுமையாகச் சண்டையிடுகின்றனர்' என்று எழுதுவோர்க்குக் கருவி தருவது கைகால்கள் கலந்து குழம்பிய ஒரு காட்சியேயாகும். சண்டை என்பது ஒரு வினையன்று. பல வினைகளின் தொகுதி. திரைத்துறையினர் ஷாட் என்று வழங்கும் ஒரு காட்சித்துண்டிற்கு ஒரு வினை என்பதே முதல் விதி. அவ்வினையும் துல்லியமாதல் வேண்டும். குதித்தல், தாவுதல், பாய்தல், எகிறுதல் ஆகிய நான்கும் தமிழில் ஒன்றல்ல. இடறுதல் வேறு, சறுக்குதல் வேறு, தடுமாறுதல் வேறு. கட்டளைக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுத நேரினும், முதலில் தமிழில் சரியான வினைச்சொல்லைத் தேர்ந்து, உடலின் எவ்வுறுப்பு எத்திசையில் முதலில் அசைகிறது என்று விரித்துக்கொண்டால் குறிப்பு தெளிவுபெறும். 'குதிக்கிறான்' என்பதினும், 'வலக்காலை விளிம்பில் ஊன்றி, முழங்கால்களை மடித்து, முன்னோக்கிக் குதிக்கிறான்' என்பது சிறந்தது.

செய்பவனைப் பொறுத்தவரை, அவன் ஒவ்வொரு ஷாட்டிலும் அவனாகவே இருத்தல் வேண்டும். இதற்கு முதலில் அசையாப் படம் ஒன்றை உருவாக்கி, அதனையே எல்லா ஷாட்களுக்கும் ஆதாரமாகக் கொடுக்க வேண்டும். இருவர் நெருங்கி மோதும்போது கருவி ஒருவர் கையை மற்றவர்க்குச் சேர்த்துவிடுவதுண்டு. ஆகவே இளைஞனுக்கு வெளிர்நிறச் சட்டையும் முரடனுக்குக் கருநிறச் சட்டையும் அமைத்தல் போன்ற வேறுபாடுகள் பெரிதும் உதவும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வாழும் மனிதர் எவருடைய முகத்தையும் அவர்தம் இசைவின்றிச் செய்பவனாக்குதல் தகாது. 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நவம்பர் வரை 118 நாள்கள் அமெரிக்கத் திரை நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் உருவத்தின் கணினி நகலைப் பயன்படுத்துவதற்கு இசைவும் ஊதியமும் வேண்டும் என்பது அவர்தம் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது.

செயப்படுபொருளும் நிலமும்

அடித்தவனை மட்டும் எழுதி அடிபட்டதை எழுதாமல் விடுவது தொடக்கநிலையினர் செய்யும் பெரும் பிழையாகும். நம் காட்சியில் உமி மூட்டையே செயப்படுபொருள். அதன்மேல் உடல் விழுந்தால் மூட்டை உள்வாங்க வேண்டும்; தையல் பிரிய வேண்டும்; உமி எழுந்து பரவ வேண்டும். இவற்றைக் குறிப்பில் எழுதாவிடின், கல்லின்மேல் பஞ்சு விழுந்ததுபோல் காட்சி அமைந்துவிடும். எடை என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அது தன்னைத் தாங்கும் பொருளின் மாற்றத்தாலேயே புலப்படும். மண்ணில் காற்சுவடு, நீரில் தெறிப்பு, பலகையில் வளைவு, மூட்டையில் பள்ளம் ஆகியனவே எடையின் சாட்சிகள்.

நிலத்தைப் பொறுத்தவரை, பார்வையாளருக்குத் திசைமயக்கம் நேராமல் காக்க வேண்டும். துரத்துபவனும் ஓடுபவனும் இடமிருந்து வலமாக ஓடினால், அடுத்த ஷாட்டிலும் அவ்வாறே ஓட வேண்டும். இருவருக்கும் இடையே ஒரு கற்பனைக் கோட்டை இட்டு, கேமராவை அக்கோட்டின் ஒரே பக்கத்தில் நிறுத்துவது திரைக்கலையின் பழைய விதி. கருவிக்கு முந்தைய ஷாட் நினைவில் இராது. ஆகவே ஒவ்வொரு குறிப்பிலும் திசையை மீண்டும் எழுதுதல் வேண்டும். முதல் ஷாட்டிலேயே மேல்தளமும் கீழேயுள்ள மூட்டைகளும் ஒருங்கே தெரியுமாறு காட்டிவிட்டால், பின்னர்க் குதிப்பவன் எங்கே விழுவான் என்பதைப் பார்வையாளர் தாமே அறிந்துகொள்வர்.

காலமும் கருவியும்

காலத்தைச் சரிபார்க்கப் பள்ளிப் பாடத்து இயற்பியலே போதும். மேலிருந்து விழும் பொருள் முதல் ஒரு வினாடியில் ஏறத்தாழ 4.9 மீட்டர் கடக்கும். ஆகவே நம் இளைஞன் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருவதற்கு ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். திரைப்படத்தின் வழக்கமான வேகம் வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஆதலின், விழுதல் 24 சட்டங்களில் முடிதல் வேண்டும். தரையை அடையும்போது அவன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டராக இருக்கும். மேலும் விழுதல் சீரான வேகத்தில் நிகழாது. முதல் அரை வினாடியில் ஏறத்தாழ 1.2 மீட்டரும் அடுத்த அரை வினாடியில் எஞ்சிய பெரும்பகுதியும் கடக்கப்படும். கருவி தந்த காட்சியில் விழுதல் 48 சட்டங்கள் நீடிக்குமாயின், மனிதன் இறகுபோல் மிதப்பதாகத் தோன்றும். அத்தகைய துண்டினைப் படத்தொகுப்பின்போது இருமடங்கு வேகமாக ஓட்டினாலே பெரும்பகுதிக் குறை நீங்கிவிடும். சட்டங்களை எண்ணிப் பார்க்கும் இப்பழக்கம் ஒன்றே தொடக்கநிலையினரின் காட்சிகளைப் பெரிதும் உயர்த்தும்.

வேகமாக அசையும் பொருள் படத்தில் சற்று மங்கிப் படிவது இயற்கை. வினாடிக்கு 24 சட்டங்கள் எடுக்கும் கேமரா, ஒவ்வொரு சட்டத்திற்கும் 48இல் ஒரு பங்கு வினாடி ஒளியை உள்வாங்குவது வழக்கம். அந்நேரத்தில் கை நகர்ந்த அளவே மங்கலாகப் பதியும். கை மங்கலின்றிச் செதுக்கியதுபோல் தெரியுமாயின் கண் அதனை ஐயுறும். ஆதலின் அசைவு மங்கல் வேண்டும் என்பதையும் குறிப்பில் எழுதலாம்.

கருவி என்னும் முதல்நிலையில், காட்சியைக் காணும் கேமராவையும் அடக்கலாம். செயற்கை நுண்ணறிவில் கேமரா எங்கும் பறக்கலாம், சுவரையும் ஊடுருவலாம். அச்சுதந்திரமே காட்சியைப் பொய்யாக்கும். அவ்விடத்தில் ஒரு மனிதன் நின்று படம்பிடித்திருந்தால் எவ்வாறு தெரிந்திருக்குமோ அவ்வாறே அமைத்தல் நன்று.

1928ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' என்னும் ஊமைப்படத்தில், ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுவதும் பெயர்ந்து பஸ்டர் கீட்டனின்மேல் விழுகிறது. அவர் நின்ற இடம் மாடிச் சன்னலின் திறப்பிற்கு நேராக அமைந்தமையால் அவர் உயிர் தப்புகிறார். விழுந்தது மெய்யான முகப்பு. கேமரா அசையாமல், சுவரையும் மனிதரையும் ஒருசேரக் காட்டியது. சுவர் விழுவதும் அவர் தப்புவதும் வெட்டின்றி ஒரே பார்வையில் தெரிந்தமையாலேயே அக்காட்சி நூறாண்டை நெருங்கும் இக்காலத்தும் நம்மை நடுங்கச் செய்கிறது. அசையாக் கேமராவின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இன்னதற்கு, இதுபயன்

இனிக் கருத்தால் உணரத்தக்க இரண்டிற்கு வருவோம். இளைஞன் எதற்காகக் குதிக்கிறான்? கணக்கேட்டைக் காப்பதற்காக. இந்நோக்கம் அவன் உடலசைவையே மாற்றிவிடும். வெறுங்கையுடன் குதிப்பவன் இரு கைகளையும் விரித்துச் சமநிலை தேடுவான். ஏட்டைக் காப்பவன் இடக்கையால் அதனை மார்போடு அணைத்து, வலக்கையை மட்டும் விரிப்பான். விழும்போதும் வலத்தோள் முன்வருமாறு திரும்புவான். நோக்கத்தை எழுதியவன் அசைவையும் எழுதியவனாகிறான். நோக்கமற்ற சண்டைகள் கூத்தாட்டம்போல் தோன்றுவதன் காரணம் இதுவேயாகும்.

அடுத்து, செயலின் பயன். விழுந்து எழுந்தவன் முன்போலவே ஓடுவானாயின், அவன் விழவே இல்லை என்று பொருள். அவன் மூச்சு இரைய வேண்டும். ஒரு கால் நொண்ட வேண்டும். மழையில் நனைந்த சட்டையில் உமி ஒட்டியிருக்க வேண்டும். இவ்வடையாளங்கள் அடுத்தடுத்த ஷாட்களிலும் தொடர்தல் வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஒரு ஷாட்டின் கடைசிச் சட்டத்தை அசையாப் படமாக எடுத்து, அதனை அடுத்த ஷாட்டின் தொடக்கமாகக் கருவிக்குக் கொடுக்கலாம். அவ்வாறு செய்தால் முன்செயலின் பயன் பின்செயலின் தொடக்கமாகிறது. கடித்த பிஸ்கட்டில் தடம் நிலைத்துவிடுகிறது.

காட்சியைத் தொகுத்தல்

2015ஆம் ஆண்டு வெளிவந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' திரைப்படத்திற்காக இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஏறத்தாழ 3,500 கட்டப்படங்களை முன்கூட்டியே வரைவித்தார். படம்பிடிப்பதற்கு முன் வரைந்து பார்த்தல் பெருங்கலைஞர்க்கே தேவையாயின், நமக்கு அது இன்றியமையாததன்றோ! நம் சிறு காட்சியை ஏழு ஷாட்களாகப் பின்வருமாறு பகுக்கலாம்.

1. கிடங்கின் உட்புறம், தொலைவுக் காட்சி, 4 வினாடி. மேல்தளத்தில் இளைஞன் இடமிருந்து வலமாக ஓடுகிறான், பின்னே முரடன், கீழே உமி மூட்டைகள். கேமரா அசையாது.

2. நடுத்தொலைவு, 2 வினாடி. இளைஞன் விளிம்பில் நின்று கீழே நோக்குகிறான். ஏட்டை மார்போடு அணைக்கிறான்.

3. பக்கவாட்டுக் காட்சி, 1 வினாடி. முழு உடலும் தெரியுமாறு விழுகிறான்.

4. அண்மைக் காட்சி, 1 வினாடி. வலத்தோள் மூட்டையில் மோதுகிறது; மூட்டை உள்வாங்கிப் பிரிகிறது; உமி எழுகிறது.

5. முகத்தின் அண்மைக் காட்சி, 2 வினாடி. வலியால் முகம் சுளித்து மூச்சு வாங்குகிறான்.

6. கீழிருந்து மேல்நோக்கிய காட்சி, 2 வினாடி. முரடன் விளிம்பில் நின்று பார்த்து, படிக்கட்டை நோக்கித் திரும்புகிறான்.

7. வெளி முற்றம், தொலைவுக் காட்சி, 4 வினாடி. இளைஞன் நொண்டியவாறு இடமிருந்து வலமாக ஓடுகிறான். காலடியில் நீர் தெறிக்கிறது. ஏடு கையில் இருக்கிறது. சட்டையில் உமி ஒட்டியிருக்கிறது.

மொத்தம் 16 வினாடிகள். ஒவ்வொரு ஷாட்டையும் பலமுறை உருவாக்கி, சிறந்ததைத் தேர்ந்து, அதிலும் பிழையற்ற பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டும். கருவி எட்டு வினாடி தந்தாலும் நமக்குத் தேவை ஒரு வினாடியே ஆயின், எஞ்சியதை இரக்கமின்றி நீக்குதல் வேண்டும். மோதும் கணமே கருவிக்கு மிகக் கடினமானது. ஆகவே மோதலுக்கு முந்தைய நிலையை மூன்றாம் ஷாட்டிலும், மோதலின் விளைவை நான்காம் ஷாட்டிலும் பிரித்துக் காட்டினோம். திரைப்படச் சண்டைப் பயிற்சியாளர்கள், முட்டிக்கும் முகத்திற்கும் இடையே உள்ள வெளியைக் கேமராக் கோணத்தால் மறைத்து அடி விழுந்ததாகக் காட்டும் முறையும் இத்தகையதேயாகும்.

இறுதியாக ஒலி. மரத்தளத்தில் காலடி, மூட்டையின் அமுங்கிய ஓசை, முரடனின் மூச்சு, முற்றத்து நீரின் சலசலப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பதிவுசெய்து சேர்த்தால் காட்சியின் எடை இருமடங்காகும். சாக்கில் உமி நிரப்பி வீட்டிலேயே இவ்வொலியைப் பதிவுசெய்து கொள்ளலாம். படத்தில் பாதி காதால் காணப்படுவது என்பதை மாணவர்கள் அப்போது உணர்வர்.

கைப்பேசிப் படத்திற்காக ஓடும் இரயிலிலும் உயர்ந்த கட்டடங்களிலும் உயிரைப் பணயம் வைக்கும் இளைஞர்களை நாம் கண்டு வருந்துகிறோம். எவர்க்கும் காயமின்றி இத்தகைய காட்சியைப் படைக்கும் வழி இக்கருவிகளால் பிறந்திருப்பது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஆறுதல் தரும் செய்தியே. எனினும், உடலுக்கு நேரும் தீங்கு நீங்கிய இடத்தில் வேறொரு தீங்கு வந்து நிற்கிறது.

மெய்போன்ற காட்சியும் மெய்யும்

செக் நாட்டுப் போகீமியா இன்டராக்டிவ் என்னும் கணினி விளையாட்டு நிறுவனம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் 'ஆர்மா 3' என்னும் போர் விளையாட்டின் காட்சிகளை, உக்ரைன் முதலிய இடங்களில் நடைபெறும் மெய்யான போரின் காட்சிகள் என்று சிலர் பரப்பி வருவதை அந்நிறுவனம் சுட்டிக்காட்டியது. அத்தகைய போலிகள் பெரும்பாலும் தெளிவற்றும், நடுங்கியும், இருளிலும், ஒலியின்றியும் இருக்கும் என்றும் அடையாளம் கூறியது. அன்று போலி செய்தவர்க்கு ஒரு விளையாட்டு மென்பொருள் தேவைப்பட்டது. இன்று நான்கு வரிகள் போதும்.

ஒரு தெருவில் கலவரம் நிகழ்வதாகக் காட்டும் பத்து வினாடிக் காட்சி, கைப்பேசிவழி ஊரெங்கும் பரவிய பின்னர், அது போலி என்று நிறுவுவதால் யாது பயன்? அதற்குள் கடைகள் அடைபடலாம். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அஞ்சத் தொடங்கலாம். பொய்க்காட்சியைச் செய்தவன் சிரித்துக்கொண்டிருக்க, அதனை நம்பியவன் கல்லெடுக்க நேரலாம். ஆகவே மெய்போன்ற சண்டைக் காட்சியைப் படைக்கக் கற்கும் மாணவர், அதனுடன் சேர்த்துச் சில வரையறைகளையும் கற்றல் கடமையாகும்.

நம் ஊரின் தெருப்பெயர், வழிபாட்டிடம், கட்சிக்கொடி, காவலர் சீருடை ஆகியவற்றை மோதல் காட்சியில் இடம்பெறச் செய்தல் கூடாது. 'இது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட கற்பனைக் காட்சி' என்னும் வாசகத்தைப் படத்தின்மேலேயே, தொடக்கம் முதல் இறுதிவரை தெரியுமாறு பொறித்தல் வேண்டும். படத்தின் கீழ்க்குறிப்பாக மட்டும் எழுதினால், படம் கைமாறும்போது குறிப்பு உதிர்ந்துவிடும். சட்டமும் இத்திசையில் நடக்கத் தொடங்கியுள்ளது. சீனத்தில் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் இத்தகைய ஆக்கங்களுக்கு அடையாளமிடுதல் கட்டாயமாயிற்று. இந்திய அரசும் 2026ஆம் ஆண்டு பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, மெய்போல் தோன்றும் செயற்கை ஆக்கங்களுக்குத் தெளிவான அடையாளம் வேண்டும் என்று வகுத்தது. கூகுள் நிறுவனம் 2023இல் அறிமுகப்படுத்திய சிந்த்ஐடி போன்ற, கண்ணுக்குத் தெரியாத முத்திரைகளும் உள்ளன. எனினும் எல்லாக் கருவிகளும் அவற்றை இடுவதில்லை. படைப்பவனின் நேர்மைக்கு ஈடான முத்திரை பிறிதொன்றில்லை.

காண்போர்க்கும் ஒரு கடமை உண்டு. ஆறாவது விரல், கலங்கிய எழுத்து, நழுவும் கால் ஆகிய பிழைகளைக் கொண்டு போலியை அறியலாம் என்று சிலர் நம்பியிருக்கின்றனர். அப்பிழைகள் நாளுக்கு நாள் திருந்திவருதலின் அவ்வழி நெடுநாள் உதவாது. அதனினும் உறுதியானது தொல்காப்பிய வழி. ஒரு காட்சி கைப்பேசிக்கு வந்தவுடன் எட்டு வினாக்களை எழுப்புக: நிகழ்ந்தது யாது? செய்தவர் யார்? யார்க்கு அல்லது எதற்கு நேர்ந்தது? எவ்விடம்? எப்பொழுது? எதனால் படமாக்கப்பட்டது? யாருக்காக அனுப்பப்படுகிறது? இதனால் யாருக்கு என்ன பயன்? உண்மையான நிகழ்ச்சிக்கு இவ்வினாக்களுள் பலவற்றிற்கும் விடை கிடைக்கும். வேறு சாட்சிகளும் இருப்பர். இடமும் காலமும் பெயரும் இன்றி, அச்சத்தையும் சினத்தையும் மட்டுமே சுமந்து வரும் காட்சியைப் பிறருக்கு அனுப்பாமல் நிறுத்துவதே அறிவுடைமை. கணினி அறியாத முதியோரும் இவ்வெட்டு வினாக்களைக் கேட்க இயலும். வீட்டில் முதன்முதலாக அவற்றைக் கேட்க வேண்டியவர்களும் அவர்களே.

முடிவுரை

செயற்கை நுண்ணறிவுக் கருவி தோற்றத்தைத் தரும். காரணத்தையும் விளைவையும் மனிதனே தருதல் வேண்டும் என்பது இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும். ஒரு ஷாட்டிற்கு ஒரு வினை, மாறாத செய்பவன், விளைவு தெரியும் செயப்படுபொருள், திசை மயங்காத நிலம், எண்ணிப் பார்த்த காலம், மனிதன் நின்று பிடித்ததுபோன்ற கேமரா, நோக்கம், தொடரும் பயன் ஆகிய எட்டும் அமைந்தால் 16 வினாடிக் காட்சியும் நெஞ்சில் நிற்கும்.

கருவிகளின் பெயர்கள் மாறும். இன்றைய திறன் நாளை பழையதாகும். ஆனால் ஒரு செயலுக்கு எவை வேண்டும் என்னும் வினா மாறாது. காட்சியை அமைக்கும்போது 'இன்னதற்கு, இதுபயன்' என்பவற்றைக் கதைமாந்தர்க்காகக் கேட்கும் மாணவர், அதனை வெளியிடுமுன் அவற்றையே தம்மை நோக்கியும் ஒருமுறை கேட்பாராக. விடை சொல்லத் தயங்க நேருமாயின், அக்காட்சி அவருடைய கணினியிலேயே இருந்துவிடட்டும்.